நெஞ்செரிவும் தலைமாட்டுச் சரிவும்

உண்ணலும் உறங்கலும் மனிதனுக்கு இயற்கை வகுத்த இரு கடமைகள். நன்றாக உண்டவன் நன்றாக உறங்குவான் என்பது பொது நம்பிக்கை. ஆயினும் பலருக்கு உண்ட உணவே உறக்கத்திற்குப் பகையாகிவிடுகின்றது. பாயிற் படுத்த சிறிது நேரத்திற்குள் மார்பெலும்பின் பின்னால் ஓர் எரிவு எழுகின்றது. புளித்த நீர் தொண்டைவரை வந்து மீள்கின்றது. சிலர் நள்ளிரவில் இருமிக்கொண்டும் மூச்சுத் திணறியும் எழுந்து உட்காருகின்றனர். உட்கார்ந்ததும் துன்பம் சற்றுத் தணிகின்றது. மீண்டும் படுத்ததும் அது மீண்டும் தலைகாட்டுகின்றது. இதனை ஊர்வழக்கில் நெஞ்செரிவு என்றும், புளியேப்பம் என்றும், எதுக்களித்தல் என்றும், சில வேளைகளில் வாய்வு என்றும் கூறுவர்.

படுத்தால் மிகுகின்றது, எழுந்தால் தணிகின்றது என்னும் இந்த ஒரு குறிப்பிலேயே நோயின் இயல்பும் அதற்குரிய பரிகாரத்தின் ஒரு பகுதியும் அடங்கியுள்ளன. அப்பரிகாரம் கடையில் விற்கப்படுவதன்று. கட்டிலின் தலைமாட்டைச் சிறிது உயர்த்துவதே அது.

திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவின் தென்கரையை அண்டி, மூதூரிலிருந்து சம்பூருக்குச் செல்லும் வழியில் கட்டைபறிச்சான் என்னும் ஊர் அமைந்துள்ளது. வயலும் கடலும் அவ்வட்டாரத்து மக்களுக்குப் பிழைப்பளிப்பவை. அத்தகைய ஊர்களில் உணவு வேளையைத் தொழிலே வகுக்கின்றது. வயலுக்கு நீர் கட்டிவிட்டு இருட்டிய பின் வீடு திரும்புகின்ற கமக்காரரும், பொழுது புலருமுன் தோணி தள்ள வேண்டிய கடற்றொழிலாளரும் பகலிற் சிறிதளவே உண்டு, இரவில் வயிறு நிறைய உண்டு, உடனே படுக்கைக்குச் செல்வது வழக்கம். உடல் அலுப்பு அவர்களைக் காத்திருக்க விடுவதில்லை. பாயிற் சமமாகப் படுப்பதும், தலைக்கு மட்டும் ஒரு தலையணை வைப்பதும் அவ்வூர்களின் இயல்பு. இரவு நெஞ்செரிவு வளர்வதற்கு இதைவிட ஏற்ற சூழ்நிலை வேண்டியதில்லை.

இது சிலருக்கு மட்டும் உரிய குறையுமன்று. அண்மை ஆண்டுகளில் இலங்கையின் 25 மாவட்டங்களையும் உள்ளடக்கி நடத்தப்பெற்ற ஆய்வொன்று, வளர்ந்தோருள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வாரத்தில் ஒரு முறையேனும் நெஞ்செரிவாலோ எதுக்களித்தலாலோ துன்புறுகின்றனர் எனக் கண்டது. ஆகவே எந்த ஊரிலும் எந்தத் தெருவிலும் இத்துன்பத்தை அறிந்தோர் உளர்.

இனி, உடலினுள்ளே நிகழ்வது யாது என்பதை நோக்குவோம். விழுங்கப்படும் உணவு, பாடநூல்களில் களம் எனப்படும் உணவுக் குழலின் வழியாக இரைப்பையை அடைகின்றது. வளர்ந்தவரின் களம் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர், அதாவது 10 அங்குலம் நீளமுடையது. அது மார்பறையினூடாக இறங்கி, பிரிமென்றகட்டிலுள்ள துளையின் வழியே வயிற்றறையுட் புகுந்து இரைப்பையோடு கூடுகின்றது. கூடுமிடத்தில் வளையம் போன்ற தசையொன்று உண்டு. அது வாய்க்காலின் மதகுக் கதவு போன்றது. உணவு வரும்போது திறந்து வழிவிடும். ஏனைய வேளைகளில் மூடியிருக்கும்.

இரைப்பை நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு லீற்றர் சாற்றைச் சுரக்கின்றது. அதிலுள்ள ஐதரோக்குளோரிக்கமிலம் மிகக் கடுமையானது. இரைப்பையின் உட்சுவர், தடித்த சளிப் படலமொன்றினால் தன்னைக் காத்துக்கொள்கின்றது. களத்துக்கு அத்தகைய வலிய காப்பு இல்லை. எனவே இரைப்பையிலிருக்கும்வரை உணவைச் சமிபாடடையச் செய்யும் அதே அமிலம், கதவு தாண்டி மேலேறியதும் களத்தின் மென்மையான சுவரைச் சுடுகின்றது. நெஞ்செரிவு எனப் பெயர் பெற்றிருப்பினும் இதற்கும் நெஞ்சப்பைக்கும் தொடர்பில்லை.

கதவு வலுவிழந்தவர்களுக்கு மட்டுமே அமிலம் மேலேறும் என்று எண்ணலாகாது. ஜோன் டென்ற் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நலமுடையோரிடத்தும் இத்தசை விழுங்குதல் இல்லாமலே இடையிடையே சில நொடிகள் தளர்ந்து கொடுக்கின்றது என்பதைக் காட்டியது. இரைப்பையிலுள்ள காற்று ஏப்பமாக வெளியேறுவதற்காக இயற்கை அமைத்த வழி அது. நிமிர்ந்திருக்கும்போது காற்று மேலேயும் நீர்ப்பொருள் கீழேயும் நிற்பதனால் கதவு தளரும்போது காற்றே பெரும்பாலும் வெளியேறும். மல்லாந்து படுத்தவுடன் இவ்வொழுங்கு மாறுகின்றது. அமிலம் கலந்த நீர் கதவண்டை வந்து நிற்கின்றது. அப்போது கதவு தளர்ந்தால் காற்றுக்குப் பதிலாக அந்நீரே மேலேறுகின்றது.

ஏறிய அமிலத்தைப் பகலில் அகற்றுவதற்கு மூன்று காவலர் உளர். ஒன்று, புவியீர்ப்பு. அது அமிலத்தைக் கீழே இழுக்கின்றது. இரண்டாவது, விழுங்குதல். ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் களத்தின் தசைகள் அலையலையாகச் சுருங்கி, உள்ளிருப்பதை இரைப்பைக்குத் தள்ளுகின்றன. மூன்றாவது, உமிழ்நீர். அது சுவரில் ஒட்டியிருக்கும் எஞ்சிய அமிலத்தின் கடுமையைத் தணிக்கின்றது. உறக்கத்தில் உமிழ்நீர் பெரும்பாலும் வற்றிவிடுகின்றது, விழுங்குதலும் அரிதாகின்றது. எஞ்சியிருக்கும் புவியீர்ப்பும், உடல் சமமாகக் கிடக்கும்போது பயனற்றுப் போகின்றது. மூன்று காவலரும் ஒருங்கே ஓய்ந்துவிடுவதனாலேயே, பகலில் ஓரிரு நிமிடங்களில் நீங்கும் அமிலம் இரவில் நெடுநேரம் தங்கிச் சுடுகின்றது.

உமிழ்நீரையும் விழுங்குதலையும் உறக்கத்தில் நம் விருப்பப்படி வரவழைக்க இயலாது. புவியீர்ப்பை மட்டும் மீண்டும் பணிக்கு அழைக்க இயலும். தலைமாட்டை உயர்த்துவதன் பொருள் இதுவே.

ஆறடி நீளமுள்ள கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டையும் 8 அங்குலம், அதாவது 20 சென்ரிமீற்றர் உயர்த்துவதாகக் கொள்வோம். அப்போது கட்டில் ஒன்பதுக்கு ஒன்று என்னும் அளவிற் சரிகின்றது. 10 அங்குலமான களத்தின் இரு முனைகளுக்கும் இடையே ஓர் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட உயர வேறுபாடு உண்டாகின்றது. ஓரங்குலம் என்ன செய்துவிடும் என நகரவாசிகள் வினவலாம். வரம்பு கட்டி நீர் பாய்ச்சும் கமக்காரருக்கு ஐயம் எழாது. வயலின் ஒரு மூலை விரற்கடையளவு தாழ்ந்திருந்தாலே நீர் எங்கே செல்லும் என்பதை அவர் அறிவார்.

இம்முறை எவ்வளவு பயன் தருகின்றது என்பதும் ஆராயப்பட்டுள்ளது. களத்தின் அழற்சிக்கு இரைப்பை அமிலமே காரணம் என்னும் கருத்தை நியூயோர்க் நகர வைத்தியர் ஆஷர் வின்கெல்ஸ்ரைன் 1935இல் முன்வைத்தார். 1956இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்து ஆய்வாளர்கள், கதவாகத் தொழிற்படும் தசைப் பகுதியின் அழுத்தத்தை அளந்து காட்டினர். பின்னர், மெல்லிய குழாயொன்றை மூக்கின் வழியே செலுத்தி, களத்தினுள் அமிலம் எப்போது வருகின்றது, எவ்வளவு நேரம் தங்குகின்றது என்பவற்றை நாள் முழுவதும் பதிவு செய்யும் முறை வழக்கத்துக்கு வந்தது. அதன் பின்னரே படுக்கைச் சரிவின் பயனைத் திட்டமாக அளக்க முடிந்தது.

நமக்கு அண்மையில் நடைபெற்ற ஆய்வொன்று காசுமீரத்தின் சிறிநகர் மருத்துவ நிறுவனத்து வைத்தியர்களால் 2012இல் வெளியிடப்பட்டது. இரவில் எதுக்களித்தலால் வருந்திய 24 பேரை அவர்கள் தெரிந்தெடுத்தனர். முதல் நாள் சமமான படுக்கையிலும், அடுத்த ஆறு நாள்கள் 20 சென்ரிமீற்றர்க் கட்டை வைத்து உயர்த்திய படுக்கையிலும் அவர்களை உறங்கச் செய்தனர். இருபதின்மர் இறுதிவரை நின்றனர். படுத்திருந்த நேரத்தில் களத்தில் அமிலம் இருந்த நேரம் 100க்கு 15 என்னும் அளவிலிருந்து 13.7 ஆகக் குறைந்தது. இது சிறிய குறைவே. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்த எதுக்களிப்புகளின் சராசரி எண்ணிக்கை 3.3இலிருந்து 1 ஆக வீழ்ந்தது. இருபதின்மருள் 13 பேருக்கு உறக்கம் சீரடைந்தது.

இவ்வெண்களை ஒப்புநோக்குவோருக்கு ஓர் உண்மை புலனாகும். சரிவு, அமிலம் மேலேறுவதை முற்றாகத் தடுப்பதில்லை. ஏறிய அமிலத்தை நெடுநேரம் தங்கவிடாமல் வடித்துவிடுகின்றது. அது கதவன்று, வடிகால். களத்தைப் புண்படுத்துவது அமிலத்தின் வருகையைக் காட்டிலும் அது தங்கி நிற்பதே ஆதலால், வடிகாலின் பயன் சிறியதன்று. அதே வேளையில் கதவின் பழுது சரிவினால் நீங்கிவிடும் என எதிர்பார்ப்பதும் தவறு.

1987இல் இங்கிலாந்திலிருந்து வெளிவந்த ஆய்வொன்று, களத்தில் கடுமையான அழற்சியுடையோருக்குத் தலைமாட்டை உயர்த்துதலும் ரனிற்றிடின் என்னும் மருந்தும் தனித்தனியே பயன்தருவன என்றும், இரண்டும் சேரும்போது பயன் மிகுகின்றது என்றும் கூறியது. அக்காலத்திற் பெரும் புகழ் பெற்றிருந்த அம்மருந்தை, அதில் தீங்கான பொருளொன்று உருவாவது கண்டு, 2020இல் அமெரிக்க அரசு சந்தையிலிருந்து நீக்கியது. மருந்துகள் வரும், போகும். மரக்கட்டையின் பணி மாறவில்லை. இதனால் மருந்து வேண்டாம் என்பது பொருளன்று. வைத்தியர் தந்த மருந்தைத் தாமாகவே நிறுத்துதல் கூடாது. சரிவு மருந்துக்குத் துணையேயன்றி அதற்கு மாற்றன்று. 2021இல் இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர்கள், 228 நோயாளரைக் கொண்ட ஐந்து ஆய்வுகளையே காண முடிந்தது என்றும், அவற்றின் தரம் போதாது என்றும் ஒளிவின்றிக் கூறினர். செலவும் தீங்கும் மிகக் குறைவாதலால் இம்முறையைக் கைக்கொள்ளலாம் என்பதே அவர்களின் முடிவுமாகும்.

செய்முறையில்தான் பலர் தவறிவிடுகின்றனர். தலையை உயர்த்த வேண்டும் எனக் கேட்டதும் இரண்டு மூன்று தலையணைகளை அடுக்கிவிடுகின்றனர். அதனால் கழுத்து மடிகின்றது. உடல் இடுப்பில் வளைகின்றது. வளைந்த வயிறு இரைப்பையை நெருக்குகின்றது. நெருக்குண்ட இரைப்பை அமிலத்தை மேலே தள்ளும். நீக்க வந்த நோயை இது வளர்க்கவும் கூடும். சாய்மனைக் கதிரையிற் சுருண்டு உறங்குவதிலும் இக்குறை உண்டு. உயர வேண்டியது தலை மட்டுமன்று, இடுப்புக்கு மேலுள்ள உடல் முழுவதும் ஒரே நேர்ச்சரிவாக உயர வேண்டும்.

கட்டிலுடையோர் தலைமாட்டுக் கால்கள் இரண்டின் கீழும் ஒரே உயரமான மரக்குற்றிகளை வைக்கலாம். குற்றியின் மேற்பகுதியிற் கட்டிற்கால் பதிந்து நிற்கத்தக்க குழியொன்றைக் குடைந்துகொள்வது இன்றியமையாதது. செங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நள்ளிரவிற் சறுக்கி விபத்து நேரலாம். முதல் வாரம் 4 அங்குலமும், பழகிய பின் 6 அங்குலமும், இறுதியில் 8 அங்குலமுமாக உயர்த்தினால் உடல் எளிதில் இணங்கும். உறங்குபவர் கீழே சறுக்குவதாயின் தொடையின் கீழ் மடித்த துணியொன்றை வைத்துக்கொள்ளலாம்.

பன்பாயிலோ பிற பாயிலோ படுப்போருக்குக் குற்றி பயன்படாது. அவர்கள் மூன்றடி நீளமுள்ள அகன்ற பலகையொன்றை எடுத்து, தலைப்பக்கம் 8 அங்குலம் உயருமாறு உறுதியாக முட்டுக்கொடுத்து, அதன்மேல் மெத்தையோ மடித்த விரிப்போ இட்டு, இடுப்பு பலகையின் தாழ்ந்த முனையில் அமையுமாறு படுத்துக்கொள்ளலாம். பலகையின் நடுப்பகுதி தொய்யாதிருக்க அங்கும் ஒரு தாங்கல் வேண்டும். தச்சரிடம் கூறினால் ஒரு பொழுதிற் செய்து தரக்கூடிய பொருள் இது.

எப்பக்கம் சாய்ந்து படுப்பது என்பதும் கவனத்திற்குரியது. இரைப்பையின் பெரும்பகுதி உடலின் இடப்பக்கம் சரிந்திருக்கின்றது. இடப்பக்கம் சாய்ந்து படுக்கும்போது அமிலம் கீழே தேங்க, கதவு மேலே நிற்கின்றது. வலப்பக்கம் சாய்ந்தாற் கதவு தாழ்ந்துவிடுகின்றது. நெதர்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரத்து ஆய்வாளர்கள் 2022இல் 57 பேரின் உறக்க நிலையையும் அமில அளவையும் ஒருங்கே பதிவு செய்தனர். ஏறிய அமிலம் நீங்குவதற்கு இடப்பக்கம் படுத்தபோது 35 நொடியும், மல்லாந்து படுத்தபோது 76 நொடியும், வலப்பக்கம் படுத்தபோது 90 நொடியும் நடுவளவாகச் சென்றன. தலைமாட்டுச் சரிவோடு இடப்பக்கப் படுக்கையும் சேருமாயின் நன்மை மிகும் என எதிர்பார்க்கலாம்.

உணவுக்கும் படுக்கைக்கும் இடையேயுள்ள காலம் மூன்றாவது செய்தி. யப்பானில் 2005இல் வெளியான ஆய்வொன்று, இரவு உணவு கொண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் படுப்போரிடம் இந்நோய், நான்கு மணித்தியாலத்துக்குப் பின் படுப்போரைவிட மிகுதியாகக் காணப்படுவதைக் காட்டியது. இருட்டிய பின் வீடு திரும்பும் உழைப்பாளரிடம் நான்கு மணித்தியாலம் விழித்திருங்கள் எனக் கூறுவது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் உணவின் பெரும்பங்கைப் பகலுக்கு மாற்றலாம். மாலையில் ஒரு நேரம் சிறிது உண்டு, இரவுணவைக் குறைக்கலாம். வள்ளுவர் ‘மருந்து’ எனப் பெயரிட்ட அதிகாரத்தின் பெரும்பகுதி மருந்தைப் பற்றியதன்று, உணவின் அளவையும் வேளையையும் பற்றியது என்பது இங்கே நினைக்கத்தக்கது. பொரித்தனவும் கொழுப்பு மிக்கனவும் இரைப்பையை விட்டு மெதுவாகவே செல்லும் ஆதலால் அவற்றை இரவில் தவிர்த்தல் நலம். புகைத்தலையும் மதுவையும் விடுதலும், உடற்பருமன் உடையோர் எடையைக் குறைத்தலும், படுக்குமுன் சாரத்தின் அல்லது சேலையின் இடுப்புக் கட்டைத் தளர்த்திக்கொள்ளுதலும் துணை செய்யும்.

தொய்வு நோயுடையோர் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும். களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, தொய்வு நோயாளரிடம் எதுக்களித்தலின் அறிகுறிகள் ஏனையோரைவிட ஏறத்தாழ இருமடங்காகக் காணப்பட்டன. நள்ளிரவு இருமல் எல்லாமே தொய்வின் குற்றமாக இராது. மேலேறும் அமிலமும் அதற்குத் துணைபோகலாம் என்பதை வைத்தியரிடம் எடுத்துக் கூறுதல் நன்று.

சரிவுப் படுக்கை கைக்குழந்தைகளுக்கு உரியதன்று. குழந்தை பால் கக்குவது இயல்பு. அதற்காகத் தலையணை வைத்தோ சாய்வான இடத்திலோ உறங்க வைத்தால் குழந்தை சறுக்கி மடிந்து, மூச்சு தடைப்படும் அபாயம் உண்டு. குழந்தையைச் சமமான உறுதியான படுக்கையில் மல்லாத்தியே உறங்கவைக்க வேண்டும்.

இறுதியாக, இம்முறையின் எல்லையைக் கூறாது விடுதல் தகாது. நெஞ்செரிவு என எண்ணப்படுவது எல்லா வேளையிலும் நெஞ்செரிவாக இருப்பதில்லை. மார்பில் பாரம் ஏற்றியது போன்ற இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், நடந்தால் அல்லது வேலை செய்தால் மிகும் வலி ஆகியன இருதய நோயின் குறிகளாக இருக்கலாம். அதனை வாய்வு எனக் கருதி இஞ்சிச் சாறு குடித்துப் படுத்திருப்பது உயிருக்கு உலை வைக்கும். தலைமாட்டை உயர்த்தும் நேரமன்று அது. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழைத்து, காலந்தாழ்த்தாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். விழுங்கும்போது உணவு தடைப்படுதல், காரணமின்றி உடல் மெலிதல், இரத்த வாந்தி, கரிய மலம் என்பவை தோன்றினும் வைத்தியரை நாடுதல் வேண்டும். பல்லாண்டுகளாக நெஞ்செரிவு மாத்திரையைத் தாமே வாங்கி விழுங்கி வருவோரும் ஒரு முறையேனும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். நெடுநாள் அமிலத்தாற் சுடப்பட்ட களம் சிலருக்குச் சுருங்கிவிடும். வேறு சிலருக்கு அதன் உட்சுவர் மாறி, புற்றுநோய்க்கு இடங்கொடுக்கவும் கூடும்.

இவ்வாறான அபாயக் குறிகள் இல்லாத இரவு நெஞ்செரிவுக்கு, இரு மரக்குற்றிகளும் இடப்பக்கச் சாய்வும் இரவுணவிற் சிறிது அடக்கமும் பெரும்பாலும் ஆறுதலளிப்பன. இரண்டு மூன்று வாரம் தவறாது கைக்கொண்டு பார்த்தாற் பயன் தெரிந்துவிடும். பயன் தெரியாவிடின், அதுவே வைத்தியரிடம் செல்ல வேண்டும் என்பதற்குரிய அறிவிப்பு எனக் கொள்ளுதல் வேண்டும்.